ஒரு காது பாக்கி

அவன் குடிக்கமாட்டான், சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தெரியும். கேட்கவில்லை, பார்த்தீர்கள். ஏறினதும் டிக்கெட்கூட வாங்காமல் முதலில் இவனைத்தான் பார்த்தீர்கள். ஜன்னலோரம் ஒருத்தன் முழங்காலை வயிற்றுக்கு முட்டுக்கொடுத்து, தலையை முன்சீட்டுக் கம்பியில் சாய்த்து உட்கார்ந்திருந்தால் பார்க்கத்தான் செய்வார்கள். காலை நேரம் வேறு. அவனவன் மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியாதா?

என் மகன். கார்மேகம். தூங்கவில்லை, கண்ணை மூடியிருக்கிறான். அது அவன் உட்காருகிற விதம். நிமிர்ந்தால் வலி முதுகுக்குப் போகிறதாம். குனிந்தால் கொஞ்சம் விடுகிறதாம். ஆகவே குனிந்தே இருக்கிறான். முப்பத்தைந்து வயது. பின்னாலிருந்து பார்த்தால் என்னைவிடக் கிழவன்.

கணையம். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் கேள்விப்பட்டதில்லை. இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறதாம். தின்பதைச் செரிக்க வைக்கிற நீர் அங்கிருந்துதான் வருகிறதாம். இவனுக்கு அந்த நீர் சோற்றைச் செரிக்கவில்லை, அந்த உறுப்பையே செரிக்கிறது. சொந்த வீட்டுக்கே தீ வைக்கிற மாதிரி. உள்ளே கல் கல்லாய் விழுந்து கிடக்கிறது. எடுத்துப்போடு என்றேன். எடுத்தார்கள். மறுபடி வந்துவிட்டது.

யாரிடம் சொன்னாலும் விளங்காது. எங்கள் தெருவில் ஒருத்தர், படித்தவர், ‘என்ன, பையனுக்கு உடம்பு சரியில்லையாமே’ என்றார். கணையத்தில் பிரச்சினை என்றேன். ‘பிணையமா? யாருக்குக் கையெழுத்துப் போட்டீங்க?’ என்கிறார். ஒரு மணி நேரம் எனக்கு ஜாமீன் சட்டம் சொன்னார். இன்னொருத்தன் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொன்னான். அது கிட்னிக் கல்லுக்கு. வயிற்றுக்குள் கல் என்றால் எல்லாம் ஒரே கல் என்று நினைப்பு.

அதுகூடப் பரவாயில்லை. விளங்காமல் பேசுகிறவனை மன்னித்துவிடலாம். விளங்கினவன் கேட்கிறானே, அவனைத்தான் எனக்குப் பிடிக்காது. கணையம் என்ற வார்த்தை தெரிந்தவன் எவனாக இருந்தாலும் அடுத்த வார்த்தை ஒன்றுதான். ‘குடிப்பாரா?’

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இவனுக்கு வலி. குடல்புழு என்றார்கள். வாயு என்றார்கள். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான் என்று நான் சொன்னேன். அப்போது அப்படித்தான் தெரிந்தது. அப்புறம் ஸ்கேன் வந்தது, கணையம் என்றார்கள், அன்றைக்கு ஆரம்பித்தது. ‘குடிப்பீங்களா?’ இல்லை. ‘எப்பவாவது?’ இல்லை. ‘நல்லது கெட்டதுக்கு?’ இல்லை. ‘மறைக்காதீங்க தம்பி, சொன்னாத்தான் வைத்தியம் பாக்க முடியும்.’ மீசை முளைக்காத பயலிடம்.

நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள். இல்லையென்று சொல்லவில்லை. ஒருத்தர் சொன்னார், சில பேருக்குக் குடிக்காமலேயே வரும், ஏன் வருகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது என்று. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. தெரியாது என்பது ஒரு பதிலா? ஊருக்குள் போய் நான் என்ன சொல்வேன்? என் மகனுக்குத் தெரியாது நோய் வந்திருக்கிறது என்றா?

அதனால் இப்போதெல்லாம் நான் கேட்கவிடுவதில்லை. கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுகிறேன். வணக்கம், இவன் குடிக்கமாட்டான். பெயர் வயசெல்லாம் அப்புறம்.

பாருங்கள், இந்த டிரைவர் கிளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டேன் என்கிறான். வண்டி எப்படி உழைக்கும்? நான் பஸ் ஓட்டினவன், சார். இந்த ரோட்டிலேயே ஓட்டியிருக்கிறேன். காலையில் டெப்போவுக்குப் போனதும் முதல் வேலை ஊதுவது. மெஷினெல்லாம் அப்போது கிடையாது. கண்ட்ரோலர் முகத்துக்கு நேரே போய் நிற்கவேண்டும். ‘ஊதுய்யா’ என்பார். ஊதுவேன். ‘போய்யா’ என்பார். முடிந்தது. வாயைத் திறந்து ஊதினால் உண்மை தெரிந்துவிடும். அவ்வளவு லேசான விஷயம். அதை விட்டுவிட்டு வாயால் கேட்கிறார்கள்.

என்ன? சாப்பிட்டானாவா? அது இருக்கட்டும். சொல்கிறேன், கேளுங்கள்.

போன வாரம் மதுரைக்குக் கூட்டிப்போனேன். புது டாக்டர். சின்னப் பெண். நான் வழக்கம்போலச் சொன்னேன். சிரித்துவிட்டது. ‘அய்யா, நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே’ என்றது. கேட்கப் போகிறாயா இல்லையா? அதற்குப் பதில் சொல் என்றேன். கேட்கவில்லை. வேறு என்னென்னவோ கேட்டது. தூக்கம் வருகிறதா, வெளியே போகிறீர்களா, சிநேகிதர்கள் இருக்கிறார்களா, நாளைக்கு என்று நினைத்தால் மனசில் என்ன தோன்றுகிறது. இதெல்லாம் ஒரு வைத்தியமா? நான் பதில் சொன்னேன். தூங்குவான் என்றேன். எங்கே வலிக்கிறது என்றது. இங்கே என்று என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

‘அய்யா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்களேன். நான் அவர்ட்டப் பேசணும்.’

நான் எதற்கு வெளியே இருக்கவேண்டும்? எனக்குத் தெரியாமல் இவனிடம் என்ன இருக்கிறது? இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது இவன் சொல்கிறான், மேஜையைப் பார்த்துக்கொண்டே: ‘தூங்குறதில்ல டாக்டர். ரொம்ப நாளாச்சு.’

எனக்கு அது புதுச் செய்தி. பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறேன். ஒரு சத்தம் கிடையாது. ஏன் முனகவில்லை என்று டாக்டர் கேட்டது. ‘முனகினா அப்பா எந்திரிச்சு வந்து ஏன் முனகுறேன்னு கேப்பாரு’ என்கிறான். கேட்கத்தானே செய்வேன்? பெற்றவன் கேட்காமல் யார் கேட்பது?

சோறு ஒரு பெரிய தொல்லை. எண்ணெய் ஆகாது. நெய், தேங்காய், கறி ஒன்றும் ஆகாது. இவன் அம்மா இல்லை, போய்விட்டாள். இவனே இட்லி அவித்துக்கொள்வான், இவனே ரசம் வைத்துக்கொள்வான். ஒவ்வொரு தடவை சாப்பிடும்போதும் பாதிச் சோற்றில் மாத்திரை போடவேண்டும், உள்ளே ஊறாத நீருக்குப் பதிலாக. போடாவிட்டால் தின்றது அப்படியே போய்விடும். வெளிக்கி போனால் எண்ணெய் மிதக்கும், சார். அந்த நாற்றம்...

என்னடா முறைக்கிறாய்? சார் என்ன வெளியாளா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணை மூடு.

கோபம் மட்டும் வரும் இவனுக்கு. மில்லில் வேலை பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். ஷிப்ட் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சூப்பர்வைசர், ‘தம்பி, நைட்டு கொஞ்சம் கம்மியாப் போடக் கூடாதா’ என்றானாம். எனக்குத் தெரிந்ததும் நேரே மில் கேட்டுக்குப் போனேன். ஷிப்ட் விடுகிற நேரம். எல்லாரும் கேட்கும்படி சத்தம் போட்டேன். என் மகன் குடிக்கமாட்டான், எவன்டா சொன்னது என்று. அடுத்த வாரம் இவன் வேலையை விட்டுவிட்டான். அந்த சூப்பர்வைசர் என்ன தொந்தரவு கொடுத்தானோ. கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறான்.

பெண் பார்த்தோம். நல்ல இடம். பேசி முடிக்கிற நேரம். அவர்கள் வீட்டு முற்றத்தில் வைத்து நானே எழுந்து சொன்னேன், மறைக்கக்கூடாது என்று. பையனுக்கு இந்த மாதிரி நோய், ஆனால் குடியால் வந்ததில்லை, யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள் என்று. அதுவரை அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நேர்மையாகச் சொன்னேன். மறுநாள் வேண்டாம் என்று ஆள் விட்டார்கள். உண்மை சொன்னால் இதுதான் மரியாதை.

ஆமாம், சர்க்கரையும் உண்டு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அதே உறுப்புதானாம் அதற்கும். ஒன்றைக் கெடுத்தது போதாதென்று அதையும் கெடுத்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்கிறான். இன்றைக்கா? போட்டான், காலையில். ஏன் கேட்கிறீர்கள்? நான் சொல்லவந்ததே வேறு. வழிவிட்டானைப் பற்றிச் சொல்லவேண்டும்.

வழிவிட்டான் என் சம்பந்தி. பெயர்தான் வழிவிட்டான். ஒருநாளும் விட்டதில்லை. என் மகள் நாகஜோதியை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு பேத்தி. கனிஷ்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன பெயரோ. நான் கண்ணாத்தா என்றுதான் கூப்பிடுவேன். மாமன் என்றால் அதற்கு உயிர். இவன் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே வலிக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். வலித்தால் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருக்கும். ஒன்றும் கேட்காது.

பங்குனியில் காது குத்து. அவர்கள் குலசாமி கோவிலில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும், உங்களுக்குத் தெரியும். சீர் கொண்டுபோனோம், குறையில்லாமல். காலைச் சாப்பாடு அவர்கள் வீட்டில், கோவிலுக்குப் புறப்படுமுன். இட்லி, குடல் குழம்பு, ஈரல் வறுவல். பந்தியில் இவனும் உட்கார்ந்தான். வெறும் இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான். தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டான்.

வழிவிட்டான் வந்து நின்றார். இடுப்பில் துண்டு, கையில் வாளி. ‘என்ன மாப்ள, கறி எறங்கலையா? ராத்திரி எறங்குனது இன்னும் உள்ளயே நிக்கிதோ?’

பந்தியே சிரித்தது, சார். ஒருத்தன் புரையேறும்வரை சிரித்தான்.

இவன் ஒன்றும் சொல்லவில்லை. இவன் சொல்லமாட்டான். அதுதான் இவனிடம் எனக்குப் பிடிக்காதது. நான் எழுந்தேன். பரிமாறுகிற பெண்ணிடமிருந்து கரண்டியைப் பிடுங்கினேன். ஒரு கரண்டி ஈரல் எடுத்து இவன் இலையில் வைத்தேன். ஒரு கரண்டிதான். ‘தின்னு காட்டுடா’ என்றேன். ‘வேணாம்ப்பா’ என்றான், மெதுவாக. ‘என் மொகத்துக்காகத் தின்னுடா’ என்றேன்.

தின்றான். மிச்சம் வைக்காமல் தின்றான். வழிவிட்டான் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். பஸ் ஓட்டின காலத்தில்கூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

அப்புறம் கோவில். இவன் மணை போட்டு உட்கார்ந்தான், பட்டு வேட்டியில். மடியில் பிள்ளை. ஆசாரி இடது காதைக் குத்தினார். பிள்ளை அழுதது. இவன் அதன் வாயில் வாழைப்பழம் வைத்துச் சமாதானம் பண்ணினான். ஆசாரி அந்தப் பக்கம் வந்தார். பிள்ளையைத் திருப்பு என்றார். திருப்பப் போனவன் திருப்பவில்லை. அப்படியே பிள்ளைமேல் கவிழ்ந்துவிட்டான். சத்தமில்லை. முகமெல்லாம் வேர்வை. மாமன் தனக்காக அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு பிள்ளை இவன் தலையைத் தடவுகிறது. அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் மணையிலிருந்து சரிந்து கிடக்கிறார்கள்.

எண்ணெய், சார். பாமாயில். நான் இன்றைக்கும் சொல்கிறேன், நல்லெண்ணெயில் வதக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சம்பந்தி வீட்டு ஆள் வருகிறது என்று தெரிந்தும் பாமாயிலில் வதக்குகிறவன் என்ன மனுஷன்?

அந்த மனுஷன் சொல்கிறார், சாமி முன்னால் வைத்து: ‘குடிகாரப் பய மடியில பிள்ளைய வச்சா இப்பிடித்தான்.’

எனக்குக் கண் தெரியவில்லை. பக்கத்தில் அடுப்பில் பந்திக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு அண்டா. ஒரே உதை. அத்தனையும் மண்ணில். அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் அங்காளி பங்காளியெல்லாம் வந்தார்கள். நான் விடவில்லை. என் மகன் குடிக்கமாட்டான் என்று சாமி முன்னால் சொல்லு என்றேன். சொல்லவைக்காமல் நகரமாட்டேன் என்றேன். தொண்டை கட்டிப்போகிறவரை நியாயம் கேட்டேன்.

இவனா? இவனை ஆம்புலன்சில் கொண்டுபோய்விட்டார்கள். நாகஜோதி கூடப் போனாள். எனக்கு அது அப்புறம்தான் தெரியும். நான் அங்கே இவனுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன் இல்லையா?

அதோடு வலது காது நின்றுபோயிற்று. அன்றையிலிருந்து பிள்ளை ஒற்றைத் தோட்டோடு திரிகிறது. நகைக்கடைக்குத் தூக்கிப்போனார்களாம், மெஷினில் டக்கென்று குத்திவிடலாம் என்று. காதைக் கையால் பொத்திக்கொண்டு கடையே அதிரக் கத்தியிருக்கிறது. சித்தப்பன் மடி வேண்டாம், தாத்தா மடி வேண்டாம். ‘எம்மாமன் மடியிலதான்.’ வழிவிட்டான் அடித்துப் பார்த்திருக்கிறார். மிட்டாய் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. நம்ம ரத்தம் இல்லையா. இறங்கி வந்துவிட்டார். வரச்சொல்லு, ஆனால் கூட்டம் கூட்டாமல், சத்தமில்லாமல் குத்திவிட்டுப் போகட்டும் என்றிருக்கிறார். இன்றைக்குத்தான்.

இதையெல்லாம் நாகஜோதி எனக்குச் சொல்லவில்லை. இவனுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். நேற்று இவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறபோதுதான் எனக்கே தெரியும். நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘அண்ணன் மட்டும் வந்தாப் போதும்ப்பா’ என்கிறாள். ‘நீங்க வந்து அதையே சொல்லிக்கிட்டு இருப்பீங்க. நீங்க சொல்லாம விட்டாலே பாதிப் பேரு மறந்துருவாங்க.’

மறந்துவிடுவார்களாம். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும்?

இந்தத் தடவை எல்லாம் நான் யோசித்துவைத்துவிட்டேன். இவன் இன்றைக்கு ஒன்றும் தின்னக்கூடாது. வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் வலிக்க என்ன இருக்கிறது? சரியா இல்லையா, சொல்லுங்கள். காலையில் இவன் ஊசியைப் போட்டுக்கொண்டு இட்லியைத் தட்டில் வைக்கிறான். நான் வாங்கி டப்பாவில் போட்டு இந்தப் பையில் அடியில் வைத்துவிட்டேன். காது குத்தி முடிந்ததும் தின்னு என்றேன். ‘ஊசி போட்டாச்சுப்பா, சாப்பிடாம இருக்கக் கூடாது’ என்றான். ஒரு வேளை பட்டினி கிடந்தால் எவனும் செத்துப்போவதில்லை. பஸ் போய்விடும், நட என்றேன்.

என்ன சார், முகம் ஒருமாதிரி ஆகிறது உங்களுக்கு? இதுவா, மடியில் இருக்கிறதே, இந்தப் பைதான். ஏன்?

வேர்க்கிறதா? வெயில் அடிக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறான், வேர்க்காதா? சட்டையெல்லாம் நனைந்துவிட்டதே. இஸ்திரி போட்ட சட்டை. டேய். டேய், கார்மேகம். என்னடா முணுமுணுக்கிறாய்? தெளிவாகச் சொல்லு.

இந்தா கண்டக்டர் வந்துவிட்டான்.

‘என்ன பெருசு, ஒங்க ஆளு காலையிலயே மட்டையா? வாந்தி கீந்தி எடுத்தா எறக்கி விட்ருவேன், சொல்லிட்டேன்.’

கேட்டீர்களா? கேட்டீர்களா, சார்? நான் சொன்னேனா இல்லையா? எவனைப் பார்த்துடா சொல்கிறாய்? இந்த ரோட்டில் நான் வண்டி ஓட்டும்போது நீ டவுசர் போட்டுக்கொண்டு திரிந்திருப்பாய். என் மகன் குடிக்கமாட்டான். ஒரு சொட்டுக்கூட... விடுங்கள் சார், என்னைப் பேசவிடுங்கள். என்ன ஊசி? ஊசிக்கும் இதற்கும் என்ன?

நிமிர்ந்து உட்காருடா. எல்லாரும் பார்க்கிறார்கள். கண்ணைத் திற. இவரிடம் சொல்லு. நீயே உன் வாயால் சொல்லு.

என்னடா நாக்குக் குழறுகிறது?

ஏன்டா குழறுகிறது? கார்மேகம். என்னைப் பார். தலை ஏன் இப்படித் தொங்குகிறது? காலையில் பஸ் ஸ்டாண்டில் பாத்ரூம் போகிறேன் என்று போனாயே. நேரமாயிற்றே வருவதற்கு. எங்கேடா போனாய்?

ஊது.

ஊதுடா. என் முகத்தில் ஊது. நல்லா. நல்லா ஊதுடா.

இல்லை.

ஒன்றும் இல்லை. பல்பொடி வாசனை. வெறும் வயிற்று வாசனை. வேறு ஒன்றும் இல்லை, சார். ஏய், கண்டக்டர், இங்கே வாய்யா. வந்து நீயே மோந்து பார். பயப்படாதே, வா. இந்தம்மா, நீங்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்களே, நீங்களும் வந்து பாருங்கள். டேய், இவருக்கும் ஒரு தடவை ஊதிக் காட்டுடா.

சார், சார், என்ன பண்ணுகிறீர்கள்? என்மேல் விழுகிறீர்கள். என்ன அது, அவன் வாயில் என்ன போடுகிறீர்கள்? குளுக்கோஸா? உங்கள் சட்டைப்பையில் எதற்குக் குளுக்கோஸ்? நீங்களும் ஊசி போடுகிறவரா? சொல்லவே இல்லையே. இவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

இறங்கியிருக்கிறதா? சர்க்கரை ஏறுவதுதானே வியாதி, இறங்கினால் நல்லதுதானே? சரி. சரி, கத்தாதீர்கள். பையைப் பிடுங்காதீர்கள், நானே எடுக்கிறேன். அடியில் இருக்கிறது. இந்தா. இட்லி இந்தா.

தின்கிறான்.

மாத்திரையும் போட்டுக்கொள்கிறான், பாருங்கள். அதை மறக்கமாட்டான்.

முகம் தெளிகிறது. ஆமாம். கண் நிற்கிறது இப்போது. குடித்தவன் இட்லி தின்றதும் இப்படித் தெளிவானா? நீங்களே சொல்லுங்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கண்டக்டர் ஒன்றும் பேசவில்லை, கவனித்தீர்களா? டிக்கெட் கிழிக்கிற சாக்கில் முன்னால் போய்விட்டான். அதுதான். ஊதினால் தெரிந்துவிடும் என்று சொன்னேன் இல்லையா? நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை, சார். ஊதச்சொன்னது மற்றவர்களுக்காக.

என்னடா? தண்ணீரா? ஏன் அப்படிப் பார்க்கிறாய்? ஊதச்சொன்னதற்கா? டெப்போவில் தினம் ஊதினேன்டா நான். நான் என்ன செத்தா போனேன்?

வெள்ளாங்குளம் விலக்கு வருகிறது. நாங்கள் இறங்குகிற இடம். அந்தப் புளியமரத்தைத் தாண்டினால் தெரியும். நாகஜோதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விலக்குக்கே வந்து நிற்கிறேன் என்றாள். எழுந்திரு. பையைக் கொடு, நான் எடுத்துவருகிறேன். கொடு என்கிறேன்.

‘நீங்க எறங்காதீங்கப்பா.’

என்ன?

‘எறங்காதீங்க. கமுதி வரைக்கும் போயிட்டு வாங்க. டிக்கெட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்.’

என்னடா சொல்கிறாய்? இத்தனை பேர் முன்னால் வைத்து...

‘இத்தனை பேர் முன்னாலதான்ப்பா ஊதச் சொன்னீங்க.’

வலித்தால்? அங்கே போய் உனக்கு வலித்தால்?

‘வலிக்கும். இப்பவும்தான் வலிக்கிது. அவ காதைப் பொத்தாம உக்காந்திருந்தாப் போதும்.’

போகிறான். பார்த்தீர்களா, போகிறான். என்னைத் தாண்டி, உங்களைத் தாண்டி. உங்களுக்குக் கும்பிடு போட்டான். எனக்கு ஒன்றும் இல்லை. கையை விடுங்கள் சார். நீங்கள் எதற்கு என் கையைப் பிடிக்கிறீர்கள்? விடுங்கள் என்கிறேன். வயசானவன் கையைப் பிடித்து உட்காரவைக்கிறீர்கள். உங்களுக்கு என்ன தெரியும் எங்களைப் பற்றி? ஒரு மணி நேரப் பழக்கம்.

விசில் கொடுத்துவிட்டான். அவன் வேண்டுமென்றே கொடுக்கிறான்.

அந்த ஜன்னலைத் திறங்கள். இன்னும் கொஞ்சம். அதோ நிற்கிறாள் நாகஜோதி. பிள்ளை ஓடிவருகிறது. ஒற்றைத் தோடு மின்னுகிறது பாருங்கள், வெயிலில். டேய், நிமிர்ந்து நடடா. கார்மேகம், நிமிர்ந்து நட. வழிவிட்டான் ஆட்கள் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நிமிரவில்லை.

இன்னும் குனிகிறான். வலியில் குனிகிறானா, பிள்ளையைத் தூக்கக் குனிகிறானா, இங்கிருந்து தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா, சார்? மரம் மறைக்கிறது.

வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவன் நிறுத்தமாட்டான், நீங்கள் சொல்லுங்கள். இவன் வாயே திறக்கமாட்டான், சார். எவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அங்கே யார் இருக்கிறார்கள், அவன் குடிக்கமாட்டான் என்று சொல்ல?